ஒரு துணைக்கால்

இந்த நினைவு மலரைப் பிரித்துப் படிக்கிறவர்களில் ஒரு பகுதியினர் எங்கள் அக்காவை ஆவூர்ப் பக்கத்துப் பெண்ணாக, கோயில் மணி கேட்டு வளர்ந்தவராக அறிந்தவர்கள். மற்றவர்கள் அவரை ‘நர்ஸம்மா’ என்று மட்டும் அறிந்தவர்கள். இரு பகுதியினரும் ஒருவரையொருவர் முதன்முறையாகப் பார்த்தது சென்ற ஆண்டு கார்த்திகையில், அக்காவின் அடக்கத்தன்று. அன்றுகூட பெட்டியை ஏற்றிய வண்டிக்கு இந்தப் பக்கம் இவர்களும் அந்தப் பக்கம் அவர்களுமாகத்தான் நடந்தார்கள். ஆகவே அக்காவின் வாழ்க்கையை இரு சாராருக்கும் விளங்கும்படி எழுதுவது தம்பியாகிய என் பொறுப்பாகிறது. நான் திருச்சியில் ஒரு நாளிதழில் வேலை செய்கிறவன். பார்த்ததைப் பார்த்தேன் என்றும், கேட்டதைக் கேட்டேன் என்றும் எழுதப் பழகியவன். அந்த வழக்கத்தை இங்கும் விடவில்லை.

அக்கா பிறந்தது ஆவூரை அடுத்த ஒரு சிற்றூரில். அப்பாவுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. அம்மா என்னைப் பெற்ற சில நாட்களில் இறந்துபோனார். எனக்குச் சோறு ஊட்டியதும், தலை வாரியதும், எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்ததும் அக்காதான். அப்போது அவரே சிறு பெண்.

கத்தோலிக்கர்களே வாழ்ந்த எங்கள் ஊரில் விசுவாசம் என்பது யாரும் தனியாக வைத்துக் காப்பாற்ற வேண்டிய பொருளாக இருக்கவில்லை. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் கோயில் மணி அடிக்கும். வயலில் நிற்பவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார். சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் மணி கேட்டதும் வாயை நிறுத்தி, சிலுவை போட்டு, மணி ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கியதை நானே பார்த்திருக்கிறேன். அப்பா இறந்த அன்று துக்க மணி அடித்தது. யாரையும் யாரும் போய்க் கூப்பிடவில்லை. மண்வெட்டியோடு ஆட்கள் வந்தார்கள். எதிர்வீட்டில் எங்களுக்குக் கஞ்சி காய்ச்சினார்கள். அப்பாவோடு வரப்புத் தகராறில் பல வருஷம் பேசாதிருந்தவர் முதல் ஆளாகத் தோள் கொடுத்தார். கடவுளைப் பற்றி எனக்கு அப்போதே சந்தேகம் உண்டு. அன்று வந்தவர்கள் வந்ததில் சந்தேகம் இல்லை.

அக்காவுக்குப் பதினெட்டு வயதில் திருமணம் நடந்தது. அத்தான் காலராவில் போய்விட்டார். குழந்தை இல்லை. மறுமணம் பற்றிப் பேச வந்தவர்களிடம் அக்கா காபி கொடுத்து வேறு பேச்சுப் பேசி அனுப்பினார். பிறகு திருச்சியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பிரசவம் பார்க்கும் படிப்பை முடித்தார். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்த 1948-ஆம் ஆண்டில் அவருக்கு வேலை கிடைத்தது.

வேலை கிடைத்த ஊர், ஆலங்குடிக்கும் கீரமங்கலத்துக்கும் இடையில், பஸ் நிற்கும் சாலையிலிருந்து முந்திரிக் காட்டு வழியே உள்ளே போக வேண்டிய ஊர். அவ்வூரார் சிலர் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. ஓட்டுக் கட்டடம் ஒன்றில் முன்னறை பிரசவ நிலையம். பின்னறை அக்காவின் வீடு. ஊரில் வேறு கிறிஸ்தவர் எவரும் கிடையாது. ‘வேதக்காரர்’ என்றால் அங்கே ஒரே ஓர் ஆளைத்தான் குறிக்கும். பூசைக்குப் போக வேண்டுமானால் சாலை வரை நடந்து, பஸ் ஏறிப் போக வேண்டும்.

முதன்முறை நான் அங்கே போனபோது, மாலையில் ஏதோ வேலையாக இருந்தவர் திடீரென்று கையைக் கழுவிக்கொண்டு மாதா படத்தின் முன் முழங்காலிட்டார். செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் முன்பாதி சொல்ல, மற்றவர்கள் பின்பாதி சொல்வது வழக்கம். அக்கா இரண்டையும் தானே சொன்னார். முடிந்ததும் கேட்டேன்.

“மணி அடிக்காத ஊர்ல செபத்துக்கு நேரம் ஆச்சுன்னு எப்படிக்கா தெரியும்?”

“கீரமங்கலம் பஸ்ஸு முக்குல ஆரன் அடிப்பான்ல. அதுதான்டா என் மணி. என்ன, வண்டி ரிப்பேர் ஆன அன்னிக்கி கடவுளும் லேட்டு.”

ஊரார் அவரிடம் மரியாதையாக இருந்தார்கள். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை ஊரைச் சேர்ந்தவர்கள் வெளியூரில் இரவு தங்கக்கூடாது. ஒவ்வோர் ஆண்டும் தண்டோராக்காரர் அக்காவின் வாசலில் நின்று அவருக்கும் அதைச் சொல்லிவிட்டுப் போவார். அக்கா பூசைக்குப் போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். “இங்கயும் நம்மூரு மாதிரிதான்டா. ஒருத்தருக்கு ஒண்ணுன்னா யாரும் கூப்புடாமலே வந்து நிக்கிறாக. நான்தான் வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றார் ஒரு முறை.

இனி எழுதப்போவது இரு சாராரில் பலர் அரைகுறையாகக் கேள்விப்பட்டது. முழுமையாக எழுதுகிறேன்.

1953-இல் மழைக்காலத்தில் சிவகாமி என்ற இளம்பெண்ணுக்கு அக்கா பிரசவம் பார்த்தார். தலைப்பிரசவம். இரண்டு நாள் வலி. பிறந்த பெண் குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தது, மூச்சு இல்லை. கூட இருந்த பெண்கள் அழத் தொடங்கிவிட்டார்கள். சாகும் நிலையில் இருக்கும் குழந்தைக்குச் சாமியார் இல்லாவிட்டாலும் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வேதத்தின் போதனை. அக்கா குவளைத் தண்ணீரை எடுத்து, குழந்தையின் தலையில் ஊற்றி, ஒரு பெயர் வைத்து, சொல்ல வேண்டிய வார்த்தைகளை வாய்க்குள் சொன்னார். பிறகு மூக்கைத் துடைத்து, வாயில் ஊதி, முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். குழந்தை அழுதது.

பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தது தண்ணீரை. அவர்களுக்குத் தெரிந்தவரை நர்ஸம்மா தண்ணீர் ஊற்றினார். செத்த பிள்ளை பிழைத்தது. சிவகாமியின் மகள் ராசாத்தியைப் பார்க்க வந்த எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் கர்ப்பிணிகள் வண்டி கட்டி வரத் தொடங்கினார்கள். நான் விடுமுறைக்குப் போயிருந்தபோது முன்னறையில் நடந்த பேச்சு இது.

“நர்ஸம்மா, அந்தத் தண்ணிய எம் புள்ளைக்கும் ஒரு சொட்டு விடுங்களேன்.”

“அது மருந்து இல்லம்மா.”

“மருந்து இல்லைன்னுதான கேக்குறேன். மருந்துன்னா ஆலங்குடியில வாங்கிக்கிட மாட்டேனா?”

அடுத்த கட்டிலில் இருந்தவள் சேர்ந்துகொண்டாள். “செவகாமி மாமியா வூட்டுல தேங்கா, கடலைன்னு கொண்டாந்து எறக்கியிருப்பாக. நம்மகிட்ட என்ன இருக்கு?”

சிரிப்பு எழுந்தது. அக்கா சிரிக்கவில்லை. என்ன ஊற்றினார், எதற்காக ஊற்றினார் என்று அன்று இரவுச் சாப்பாட்டின்போது என்னிடம் சொன்னார். தாய்க்குத் தெரியாமல் அவள் பிள்ளையைத் தன் வேதத்தில் சேர்த்திருக்கிறார். பிள்ளை இறந்திருந்தால் அது அக்காவுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த காரியம். பிள்ளை பிழைத்து, கவுன் போட்டுக்கொண்டு தெருவில் ஓடுகிறது. அக்காவின் நம்பிக்கைப்படி அந்த ஊரில் இப்போது வேதக்காரர் இரண்டு பேர். இரண்டாவது ஆளுக்கு அது தெரியாது.

ஞாயிறு பூசைக்குப் பிறகு சாமியாரிடம் கேட்டிருக்கிறார். அவர் சொன்னதை அக்கா அப்படியே என்னிடம் சொன்னார்.

“புள்ளையப் பெத்தவங்ககிட்டச் சொல்லிரு. மேக்கொண்டு ஆண்டவர் பாத்துக்குவார்.”

“சொன்னா என்னைய ஊரை விட்டு அனுப்பிருவாங்க சாமி.”

“அனுப்புனா போ.”

சொல்லப் பல முறை கிளம்பியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் சிவகாமி, “வாங்க நர்ஸம்மா” என்று குழந்தையைத் தூக்கி இவர் மடியில் வைத்துவிடுவாள். இவர் சும்மா திரும்பிவிடுவார். இப்படிச் சில ஆண்டுகள் போயின.

1958-இல் கருப்பையா என்பவரின் மனைவிக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவம் ஆயிற்று. ஆண் குழந்தை, உயிர் இருந்தது, இருக்கப்போவதில்லை என்று அக்காவுக்குத் தெரிந்தது. வைத்தியத்தில் குறை வைக்கவில்லை. தண்ணீரை மட்டும் ஊற்றவில்லை. கை குவளைவரை போய் நின்றுவிட்டது என்றார். இந்தப் பிள்ளையும் பிழைத்துவிட்டால் இன்னொரு தாயின் முகத்தைப் பார்த்து மறைக்க வேண்டுமே என்று ஒரு கணம் நினைத்தாராம். அதற்குள் குழந்தை போய்விட்டது.

கருப்பையா வாசலில் நின்று கத்தினார். “அந்த வீட்டுப் புள்ளைக்கு ஊத்துன தண்ணிய எம் புள்ளைக்கு ஏன் ஊத்தல? எம் புள்ள என்ன எளக்காரமா?”

அவரும் அக்காவும் ஒரே தண்ணீரைப் பற்றித்தான் அழுதார்கள். ஊற்றியிருந்தால் பிள்ளை வீட்டில் இருந்திருக்கும் என்று அவர் நம்பினார். ஊற்றியிருந்தால் மோட்சத்தில் இருந்திருக்கும் என்று அக்கா நம்பினார். அந்த ஊரில் அக்கா அதை யாரிடமும் சொல்லி அழ முடியாது.

அடுத்த வாரம் என்னை வரச்சொன்னார். போனேன். அம்பலக்காரர் வீட்டுக் களத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். களத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. ஊர்த் தலைவரான அம்பலக்காரர், சிவகாமி, அவள் கணவர், மடியில் ராசாத்தி, ஓரமாகக் கருப்பையா, இன்னும் சிலர் இருந்தார்கள்.

“உக்காருங்க நர்ஸம்மா. நின்னுக்கிட்டுப் பேசுனா பிராது மாதிரி இருக்கு” என்றார் அம்பலக்காரர்.

“பிராதுதாங்க. என் மேலதான்” என்றார் அக்கா. உட்காரவில்லை.

சிவகாமியைப் பார்த்துச் சொன்னார். “ஒன் புள்ள பொறந்தப்ப மூச்சு இல்ல. பொழைக்காதுன்னு நெனச்சேன். எங்க வேதத்துல சாகப்போற புள்ளைக்குச் செய்யிற மாதிரி, தண்ணி ஊத்திப் பேரு வச்சு ஞானஸ்நானம் குடுத்துட்டேன். தண்ணியால புள்ள பொழைக்கல. வாயில ஊதுனதுல, முதுகத் தட்டுனதுல பொழைச்சுச்சு. தண்ணி ஆத்துமாவுக்கு. ஒன்னையக் கேக்காமச் செஞ்சேன். இம்புட்டு வருஷமாச் சொல்லாமயும் இருந்துட்டேன்.”

பிறகு கருப்பையாவின் பக்கம் திரும்பினார். “ஒங்க புள்ளைக்குச் செய்ய வேண்டிய வைத்தியம் அம்புட்டும் செஞ்சேன். அந்தத் தண்ணியில மருந்து இல்ல. ஊத்தியிருந்தாலும் பொழைச்சிருக்காது.”

சிவகாமிதான் முதலில் வாய் திறந்தாள்.

“என்ன பேரு வச்சீங்க?”

“மரியாயி.”

“மாரியாயியா!” சிவகாமியின் முகம் மலர்ந்துவிட்டது. கணவரின் தோளை இடித்தாள். “கேட்டீகளா, மாரியாயின்னுதான் வச்சிருக்காக. வலியில நானும் அவளத்தான கூப்புட்டுக்கிட்டுக் கெடந்தேன்!”

“அட, நம்ம ஆத்தா பேரத்தான சொல்லியிருக்காக! இதுக்குப் போயி என்னமோ ஏதோன்னு பயங்காட்டிட்டீகளே” என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, களமே சிரித்தது. அம்பலக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். “பின்ன என்னம்மா? ஆத்தா பேரச் சொல்லித் தண்ணி தெளிச்சீக. புள்ள பொழைச்சுச்சு. முடிஞ்சுபோச்சு. எந்திரிங்கப்பா.”

காரியம் முடிந்துவிட்டது. அக்கா செய்ய வேண்டியதெல்லாம் பேசாமல் நிற்பது ஒன்றுதான். பேசாதே என்று நான் கண்ணால் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“இல்லைங்க. மாரியாயி இல்ல. மரியாயி. மொத எழுத்துக்குக் கால் கெடையாது. எங்க மாதா பேரு.”

சிரிப்பு நின்றது. கடலையைக் கொத்த வந்த காக்கையை விரட்டக்கூட யாரும் கையைத் தூக்கவில்லை.

“ஒரு காலுதானம்மா. விட்டுட்டுப் போனா என்ன?” என்றார் அம்பலக்காரர். குரலில் கோபம் இல்லை. ஒரு விதமான வருத்தம்தான் இருந்தது.

“விட்டா பொய்யிங்க. ஒங்க ஆத்தா பேரயும் நான் பொய்யிக்கு எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்.”

சிவகாமியின் கணவர் எழுந்துவிட்டார். “அப்ப செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிறீகளா?”

“கேக்காமச் செஞ்சது தப்பு. மறைச்சது தப்பு. தண்ணி ஊத்துனதத் தப்புன்னு சொல்ல என்னால முடியாதுங்க.”

“படிச்சவுக பேச்சு” என்று சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சிவகாமி திரும்பிப் பார்க்காமல் பின்னால் போனாள்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் எரிச்சலாகச் சொன்னேன். “ஒரு துணைக்காலுதானக்கா. எங்க பேப்பர்ல தெனமும் விழுது. யாரும் செத்துப்போகல.”

“மறுநாள் திருத்தம் போடுவீங்கள்ல?”

“போடுவோம். ஒருத்தனும் படிக்க மாட்டான்.”

“படிக்காட்டியும் போடுவீங்கள்ல?”



அந்த வெள்ளிக்கிழமை ராசாத்தியை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், தலையில் மஞ்சள் நீர் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். மேளச் சத்தம் பிரசவ நிலையம்வரை கேட்டதாம். “அவுகளும் தண்ணிதான்டா ஊத்துறாக” என்றார் அக்கா. தான் ஊற்றியது கழுவினால் போகாது என்பது அவர் நம்பிக்கை. கழுவியாகிவிட்டது என்பது அவர்கள் நம்பிக்கை.

அவரை மாற்றச் சொல்லி யாரும் மனு எழுதவில்லை. ஆனால் யாரும் வரவுமில்லை. பெண்கள் பழைய மருத்துவச்சியையே கூப்பிட்டுக்கொண்டார்கள். அக்கா தினமும் காலையில் முன்னறையைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, கத்தரிக்கோலையும் இடுக்கியையும் கொதிக்கவைத்து, துணியில் சுற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். மாலையில் அவிழ்த்து, மறுநாள் காலையில் மறுபடி கொதிக்கவைப்பார். பஸ் ஆரன் அடித்ததும் செபம் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார். அவ்வாண்டு காப்புக் கட்டினார்கள். தண்டோராக்காரர் அக்காவின் வாசலைத் தாண்டிப் போய்விட்டார். கிறிஸ்மஸுக்கு நான் போனபோது அதிரச டின் விளிம்புவரை நிறைந்திருந்தது. முன்பெல்லாம் வீடு வீடாகக் கொடுத்தனுப்புவார்.

“நீ தின்னுடா. ஊசிப்போறதுக்கு முன்னாடி.”

“மாத்தல் கேளுக்கா. ஆவூர்ப் பக்கமே வந்துரு” என்றேன்.

அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னார். “அங்க எல்லாரும் முழங்கால் போடுறப்ப நானும் போடுவேன். இங்க நானாப் போடணும். இப்ப எந்திரிச்சு வந்துட்டா, இத்தன வருஷமும் யாருக்காகப் போட்டேன்னு ஆயிரும்.”

மறு ஆண்டும் அப்படியே போயிற்று. 1960-இல் ஒரு நாள் காலையில் தண்டோராக்காரர் வாசலில் வந்து நின்றார்.

“நர்ஸம்மா, காப்புக் கட்டியாச்சு. ராத் தங்கல் வெளிய கூடாது.”

“எனக்குமா சொல்லச் சொன்னாக?”

“ஊர்ல உள்ளவுக எல்லாருக்கும் சொல்லுன்னாக. நீங்க ஊர்லதான இருக்கீக?”

இதை என்னிடம் சொல்லிவிட்டு அக்கா உடனே எழுந்து உள்ளே போய், தேவையில்லாமல் ஒரு பாத்திரத்தைக் கழுவினார்.

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கருப்பையாவின் அடுத்த பிள்ளை அக்காவின் கையில்தான் பிறந்தது, நன்றாக இருக்கிறது. யாரும் தண்ணீர் கேட்கவில்லை. பிழைக்காத குழந்தை பிறந்தால், “எங்க முறப்படி ஒரு செபம் பண்ணட்டுமா?” என்று அக்கா முதலில் தகப்பனைக் கேட்பார். சிலர் சரி என்பார்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்ற வீட்டிலிருந்து திரும்பிய நாட்களில் அக்கா சாப்பிடுவதில்லை.

மத நம்பிக்கையால் மனிதனுக்கும் சமூகத்துக்கும் என்ன பயன் என்று எங்கள் பத்திரிகையில் அவ்வப்போது கட்டுரைகள் வரும். நான் அவற்றுக்குப் பிழை திருத்தியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த செய்தி ஒன்றுதான். 1960-க்குப் பிறகு அந்த ஊரில், “இது என் கையில இல்ல, புதுக்கோட்டைக்குக் கொண்டுபோங்க” என்று அக்கா சொன்னால் யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை; உடனே மாட்டை அவிழ்த்து வண்டி பூட்டினார்கள். அதனால் பிழைத்த தாய்மார் சிலர் இதைப் படிப்பார்கள். ஏன் என்று அம்பலக்காரரிடம் கேட்டேன். “ஒரு காலயே நமக்கு விட்டுத்தராத மனுசி. உசுரு விசயத்துல பொய் சொல்லுமா, தம்பி?” என்றார். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஊர் அவரை நம்பியது. அவரோடு சேர்ந்து முழங்காலிட ஆள் கடைசிவரை இல்லை. லத்தீனில் சொல்லிவந்த பூசையைத் திருச்சியில் தமிழில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள் என்று நான் சொன்னபோது, “கூடச் சேந்து பதில் சொல்லலாமாமே” என்று ஒரு குழந்தையைப் போல விசாரித்தார்.

சென்ற ஆண்டு ஐப்பசியிலிருந்தே அவருக்கு மூச்சிரைப்பு இருந்திருக்கிறது. எனக்குத் தெரிவிக்கவில்லை. கார்த்திகை மழையில் ஆலங்குடிச் சாலையில் பாலம் உடைந்து பஸ் நின்றுபோன நாளில் படுத்துவிட்டார். சாகும் தறுவாயில் சாமியார் எண்ணெய் பூசிச் செபிக்கும் அவஸ்தைப்பூசுதல் பெற வேண்டும், சாமியாரைக் கூட்டிவர முடியுமா என்று கேட்டாராம். மழையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர் கருப்பையா. காட்டாற்றில் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கடந்திருக்கிறார். சாமியார் வேறு ஊருக்குப் போயிருந்தார். கருப்பையா அங்கேயே காத்திருந்து மறுநாள் அவரைக் கூட்டி வந்தபோது அக்கா போய்விட்டார். நானும் அன்று மதியம்தான் போய்ச் சேர்ந்தேன்.

துக்க மணி அடிக்க அங்கே மணி இல்லை. ஊர் முழுவதும் வாசலில் நின்றது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். சைக்கிளோடு ஆற்றைக் கடந்த கருப்பையாவுக்கு முதல் நன்றி. தம் வண்டியையே கொடுத்து, கல்லறைவரை வெறுங்காலோடு நடந்துவந்த அம்பலக்காரருக்கும், நனைந்த மண்ணில் குழி வெட்டி, எங்கள் முறை தெரியாததால் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் செய்த அவ்வூர் இளைஞர்களுக்கும் நன்றி. பாலம் உடைந்த சாலையில் சுற்றி வந்து சேர்ந்த ஆவூர் உறவினர்களுக்கும், அடக்கத்தை நடத்திக்கொடுத்த சாமியாருக்கும் நன்றி. இதையெல்லாம் அச்சில் போடலாமா என்று கேட்டபோது, “நர்ஸம்மாவே மறைக்கல. நீங்க எதுக்கு மறைக்கணும்? எழுதுங்கண்ணே” என்று சொன்ன சிவகாமிக்கும் நன்றி.

இன்னும் ஒருவர் பாக்கி. பொழுது சாய்ந்தும் சாமியார் வந்து சேராத அந்த மாலையில் அக்கா தலைமாட்டிலிருந்த செபப் புத்தகத்தைக் கையால் தேடியிருக்கிறார். கண் தெரியவில்லை. சிவகாமிக்குப் படிக்கத் தெரியாது. பள்ளியில் படிக்கும் மகளை ஆள் விட்டு அழைத்து, “நீ வாசி. நர்ஸம்மா கும்புடுற சாமி புத்தகம். ஒனக்குத்தான் அவுக அந்தப் பேர வச்சாக” என்று புத்தகத்தைக் கொடுத்தாளாம். கல்லறையிலிருந்து திரும்பிய பின் சிவகாமி இதை என்னிடம் சொன்னாள். எந்தப் பக்கத்தை எடுப்பதென்று ராசாத்திக்குத் தெரியவில்லை. முதல் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறாள். அது காலைச் செபம்: படுக்கையிலிருந்து எழுந்ததும், இன்றைய நாளைப் பாவமில்லாமல் கழிக்க வரம் கேட்பது. வெளியே விளக்கு வைத்துவிட்டார்கள். பாதியில் பிள்ளைக்கே சந்தேகம் வந்து நிறுத்தியிருக்கிறாள்.

“நர்ஸம்மா, இது காலையில சொல்றதுன்னு போட்டிருக்கு. தப்பா எடுத்துட்டேன்.”

அக்கா கண்ணைத் திறக்கவில்லையாம்.

“இருக்கட்டும். படி.”

ராசாத்தி படித்து முடித்தாள்.